பூங்கோதைக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதை எனக்கு ஒரு விளம்பரப் பலகைக்குக் கீழே கிடைத்தது.

பல்லடம் ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்கு மேலே, ஒரு பெண்ணின் முகம் வீட்டளவுக்கு நின்றுகொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர், நெற்றியில் குங்குமம், உதட்டோரம் மேக்கப்காரர் அழகாக வைத்த ஒரு காயம். கீழே எழுத்து: 'பொறுமைக்குப் பெயர் பூங்கோதை. தமிழ்நாட்டின் நம்பர் ஒன் தொடர். உங்கள் அன்புக்கு நன்றி.'

பக்கத்தில் நின்ற பிரிசில்லா அதை நிமிர்ந்து பார்த்தாள். நான் முன்பு வேலை பார்த்த பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருப்பவள். (நேரில் அக்கா என்பேன். கதையில் எல்லாரும் 'அவள்'தான்.)

"எந்த அன்புக்கு நன்றி சொல்றானுங்க இவனுங்க" என்றாள்.

நான் கேட்டேன். சொன்னாள். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ் வரைக்கும் சொன்னாள்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். நாடகத்தின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். நீங்கள் எந்த நாடகத்தை நினைக்கிறீர்களோ, அதுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

2

முதல் தொடக்கம்: "திருப்பூருக்குப் பொழுது விடிவது சேவல் கூவி அல்ல, சைரன்—"

வேண்டாம். சைரன் ஊதாத திருப்பூர்க் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு தொலைக்காட்சித் தொடரின் வெற்றி அதன் தரத்தைக் காட்டுகிறதா என்னும் கேள்வி ஊடக ஆய்வில் நெடுங்காலமாக—"

இது எம்.ஏ.வில் நான் எழுதிய கட்டுரையின் முதல் வரி. நல்ல மார்க் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. படித்து மார்க் போட்டவருக்கு அந்த நாடகத்தைப் பார்க்கும் ஒருத்தியைக்கூடத் தெரியாது. இரண்டு பக்கமும் யாருக்கும் உதவாத கட்டுரை.

மூன்றாம் தொடக்கம்: "விஜயகுமாரி பொய் சொன்னாள்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

விஜயகுமாரி பொய் சொன்னாள். திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. நாக்கு நுனியில் உண்மை வந்து நின்றபோது, எதிரே ஒரு உதடு வீங்கியிருந்தது. அவ்வளவுதான்.

செக்கிங் மேசையில் என்ன வேலை என்றால், தைத்து வரும் பனியனை விரிக்க வேண்டும், உள்ளும் புறமும் திருப்ப வேண்டும், ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ள வேண்டும். கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை. காது சும்மா இருக்கும். அந்தக் காதில்தான் விஜயகுமாரி கதை சொல்வாள்.

மற்றவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட். வேன் ஏறும்போதே ராத்திரி எட்டரை தாண்டிவிடும். நாடகமோ எட்டு மணிக்கு. விஜயகுமாரியின் மாமியார் படுத்த படுக்கை. அதனால் அவள் மட்டும் ஒரு ஷிப்டோடு வீட்டுக்குப் போய்விடுவாள். மேசையில் பூங்கோதையை அன்றன்று பார்க்க முடிந்தவள் அவள் ஒருத்திதான். மறுநாள் காலை முதல் பனியன் கட்டைப் பிரிக்கும்போதே யாராவது தொடங்குவார்கள்: "அப்பறமுங்க்கா?"

(யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்குச் சில வீடுகளில் டிவியோடு ஒரு பெட்டியைப் பொருத்துகிறார்கள். விஜயகுமாரி வீட்டில் அந்தப் பெட்டி இருந்திருந்தால் என்ன எண்ணியிருக்கும்? மாமியார் கண்ணை மூடிக் கிடப்பாள். விஜயகுமாரி அடுப்படியில் நின்றபடி எட்டிப் பார்ப்பாள். டிவி ஓடும். அதுவும் 'அன்பு' கணக்கில்தான் சேரும். நாடகத்தை யாருக்காக எடுப்பதாகச் சொல்கிறார்களோ, அந்தப் பெண்கள் எட்டு மணிக்கு வீட்டிலேயே இல்லை.)

விஜயகுமாரிக்கும் ஒரு பெட்டி இருந்தது. மேசையைச் சுற்றியிருந்த கைகள்தான் அது. கதை சுமாராக இருந்தால் கைகள் ஓடிக்கொண்டே இருக்கும். நன்றாக இருந்தால், விரித்த பனியன் மேல் எல்லாக் கைகளும் ஒரு நொடி நிற்கும். அவளுக்கு அது போதும்.

அன்றைக்கு அனுப்பிரியா தாமதமாக வந்தாள். மேசையில் வயதில் சின்னவள். கல்யாணமாகி வந்து, ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருக்கிறாள். கீழுதடு ஒரு பக்கம் வீங்கி, அதன்மேல் பவுடர் அப்பியிருந்தது.

"என்ன புள்ள ஒதட்டுல?" என்றாள் பிரிசில்லா.

"கதவு இடிச்சிருச்சுங்க்கா."

எல்லாரும் அடுத்த பனியனை எடுத்தார்கள். எல்லார் வீட்டுக்கும் கதவு இருக்கிறது.

விஜயகுமாரி மட்டும் எடுக்கவில்லை. ஏனென்றால் முந்தின நாள் நாடகத்தில் பூங்கோதையும் அதைத்தான் சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டார் போலீசுக்குச் சொல்லி, பெண் இன்ஸ்பெக்டர் வாசலுக்கே வந்து, "யாரும்மா அடிச்சது?" என்று கேட்கிறார். பூங்கோதை முந்தானையால் காயத்தை மறைத்துக்கொண்டு, "கதவு இடிச்சிருச்சு மேடம், அவர் மேல எந்தத் தப்பும் இல்ல" என்கிறாள். இன்ஸ்பெக்டர் கண் கலங்கிப் போய்விடுகிறார். புருஷன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுகிறான். பின்னணியில் வீணை வாசிக்கிறார்கள்.

"சொல்லுங்க்கா. போலீசுக்குச் சொல்லிருந்தாங்களே, வந்துதா?" கேட்டவள் அனுப்பிரியா.

"வந்துது கண்ணு. பொம்பள இன்ஸ்பெக்டரு."

"அவ என்ன சொன்னா?"

விஜயகுமாரி அந்த உதட்டைப் பார்த்தாள்.

"அடிச்சான்னு சொல்லிப்போட்டா."

கைகள் நின்றன.

"நெசமாவா?"

"நெசமா. இன்ஸ்பெக்டரம்மா கூடவே ஸ்டேஷனுக்குப் போயிட்டா. அந்தம்மா என்ன பண்ணுச்சு, எந்திரிச்சு ஒரு சேரை இழுத்துப் போட்டுச்சு. 'உக்காரு, மொதல்ல தண்ணி குடி, அப்பறம் பேசலாம்'னுது. அவனத் தரையில உக்கார வெச்சுட்டாங்க."

"தரையிலயா?" என்றாள் பிரிசில்லா. "தூங்கறப்பக்கூடக் கோட்டு போட்டுட்டுத் தூங்கறவனாச்சே. கோட்டு கசங்கிருக்குமே."

மேசை சிரித்தது. அனுப்பிரியாவும் சிரித்து, உதடு வலித்து, கையால் பொத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ராஜபாண்டி மதுரைப் பக்கத்துக்காரர். தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "என்னம்மா, வாய்க்கும் பீஸ் ரேட்டு போடச் சொல்லவா? இந்நேரம் பங்களா கட்டிருப்பீங்க."

4

இந்த இடத்தில் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. நீங்கள் சிவப்பு அம்பை ஒட்டுவதற்குள் நானே காட்டிவிடுகிறேன்.

போனில் பார்க்க மாட்டார்களா?

பார்ப்பார்கள். வேனில் போகும்போதும், படுத்துக்கொண்டும், துண்டு துண்டாகப் பார்ப்பார்கள். பிரிசில்லா அந்த வாரமே பார்த்துவிட்டாள். மதியம் கை கழுவும் இடத்தில் விஜயகுமாரியை ஓரமாக இழுத்தாள்.

"ஏனுங்க டைரக்டரம்மா, நேத்து நானும் போன்ல பாத்தனுங்க."

விஜயகுமாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "சொல்லிப்போடாத பிரிசி."

"நான் எதுக்குச் சொல்றேன்? அந்தப் பூங்கோதைய அங்கயே உட்டுட்டு வந்துட்டேன். எனக்கு உங்க பூங்கோதையே போதும். நாளைக்கு அந்த மாமியாக்காரிய ஒரு கை பாருங்க."

இப்படி ஒவ்வொருத்தியாகத் தெரிந்துகொண்டார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சொல்லப்போனால் இன்னும் ஆசையாகக் கேட்டார்கள். எல்லாருக்கும் தெரியும் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அனுப்பிரியாவுக்குத் தெரியாது. அவளிடம் போன் இல்லை. போனைச் சுவரில் அடித்து உடைத்தவன் அவள் புருஷன் சிவபிரகாஷ். லைன் வீட்டில் டிவி உண்டு, ரிமோட் அவன் கையில்.

நாலு பேர் சேர்ந்து ரசித்த ஒரு பொய்யை ஒருத்தி நம்பினாள். இந்தக் கதையில் நடந்த தப்பு இதுதான்.

5

இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன்.

சிவபிரகாஷைப் பற்றி எழுதியிருந்தேன். வில்லனுக்கும் ஒரு மனசு வேண்டும் என்று கதை எழுதச் சொல்லித் தருகிறவர்கள் சொல்வார்கள். சரி என்று அவனுக்கு வேலை போனதை எழுதினேன். அவன் அப்பா அவனை அடித்ததை எழுதினேன். ஒரு நாள் அவன் அவளுக்கு மல்லிகைப் பூ வாங்கி வருவதை எழுதினேன். அந்த வரி அழகாகவே வந்தது. அதைப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் அந்தப் பலகைக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று.

வேலை போனவர்களெல்லாம் அடிப்பதில்லை. அவன் அடித்தான். அவனுக்கு இந்தக் கதையில் இதற்குமேல் இடம் இல்லை. (பின்னால் ஒரு முறை வருவான். தடுக்க முடியவில்லை.)

6

விஜயகுமாரி நல்லவள்தானா?

பிரிசில்லா சொன்னபடி பார்த்தால் ஆமாம். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் பொய் உதட்டுக்காகச் சொன்னது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது? மூன்றாவது? இன்ஸ்பெக்டரம்மா பூங்கோதைக்குத் தன் டிபனில் பாதி கொடுத்தார். மாமியாரை ஸ்டேஷன் வாசலில் நிற்க வைத்தார். பூங்கோதைக்கு ஹாஸ்டலில் இடம், தையல் மெஷின், தனியாக ஒரு சாவி. ஒவ்வொரு நாளும் கைகள் நின்றன. நிற்க நிற்க விஜயகுமாரி ஏற்றிக்கொண்டே போனாள். ஒரு முறை ஊசி ஓட்டை விழுந்த பீஸே பாஸாகிப் போய், ராஜபாண்டி கத்தினார். அன்று அவள் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே போனாளாம்.

மெட்ராசில் உட்கார்ந்து அந்த நாடகத்தை எடுப்பவனும் இதைத்தானே செய்கிறான்? எங்கே கூட்டம் நிற்கிறதோ, அங்கே இன்னும் ஒரு கரண்டி.

(கட்டுரை வருகிறது. பிடிக்காதவர்கள் ஏழுக்குப் போகலாம்.)

கூட்டம் பார்ப்பதால் ஒன்று நல்லதாகிவிடுமா? எங்கள் ஊரில் தரத்துக்கென்றே ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசை தள்ளிய துணி காதர்பேட்டைக் கடைகளுக்கு மலிவாக வரும். அங்கே கூட்டம் அள்ளும். அள்ளுவதால் துணியில் இருக்கும் ஓட்டை அடைந்துவிடாது. அதற்காக வாங்குகிறவள் முட்டாளும் இல்லை. அவள் கைக்கு எட்டுவது அது. பகலெல்லாம் நின்று, கால் வீங்கி, வீட்டுக்கு வந்து அரிசி களைகிறவளுக்கு அந்த நேரத்தில் எட்டுவது பூங்கோதை. 'மக்கள் இதைத்தான் கேட்கிறார்கள்' என்கிறவனை எனக்குப் பிடிக்காது. மக்களிடம் அவன் வேறு எதையும் நீட்டிப் பார்த்ததில்லை. 'இந்தக் குப்பையைப் பார்க்கிறார்களே' என்று மூக்கைச் சுளிக்கிறவரை அதைவிடப் பிடிக்காது. அவர் வீட்டில் அரிசி களைவது வேறு யாரோ.

ஆனால் ஒன்று. விஜயகுமாரி வேறு ஒன்றை நீட்டினாள். நீட்டியபோது, அந்த மேசை தயங்காமல் அதைத்தான் எடுத்துக்கொண்டது.

கட்டுரை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கைதட்டல்கூட வாங்கியிருப்பேன். அனுப்பிரியா முடிய விடவில்லை.

7

ஒரு சனிக்கிழமை காலை அனுப்பிரியா ராஜபாண்டியிடம் பர்மிஷன் கேட்டாள். தலைவலி என்றாள். போகும்போது விஜயகுமாரி பக்கத்தில் குனிந்து, கீழே விழுந்த ஸ்டிக்கர் தாளை எடுப்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, பொம்பள போலீசுன்னா அப்பிடித்தான் நடந்துக்குவாங்களா?"

"எப்பிடிக் கண்ணு?"

"சேரெல்லாம் போட்டு."

விஜயகுமாரி ஒரு பனியனைத் திருப்பினாள்.

"அப்பிடித்தான் கண்ணு."

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று விஜயகுமாரிக்குப் புரிந்ததா? அந்த நேரத்தில் விஜயகுமாரியே அதை நம்பிவிட்டிருந்தாள் என்கிறாள் பிரிசில்லா. பிரிசில்லாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. எனக்கும் தெரியாது. நம்பியிருந்தாள் என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் இவளோடு மீதிப் பக்கங்களை என்னால் கடக்க முடியாது.

அவள் நேராகப் போன ஸ்டேஷனின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே பெண்கள்தான் இருந்தார்கள். அனுப்பிரியா நின்றாள். கையிலிருந்த தழும்பைக் காட்டினாள். "புருஷன் நம்பரச் சொல்லு" என்றார்கள். சொன்னாள். அவன் சித்தப்பாவையும் ஊர்க்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார்கள்.

அனுப்பிரியா அப்போதும் நின்றுகொண்டிருந்தாள்.

"குடும்பம்னா நாலும் இருக்கும்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ." "தம்பி, இனிமே கை வெக்கக்கூடாது, ஆமா." எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே வண்டியில் அனுப்பி வைத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. லைன் வீட்டு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன அனுப்பிரியா கீழே விழுந்தாள். கீழே எல்லா வீட்டிலும் பூங்கோதையின் ஞாயிறு சிறப்புக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மேலே எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால், பெண் கத்துகிற சத்தம் அந்த நேரத்தில் டிவி ஓடும் எந்தச் சுவரிலிருந்தும் வரும் என்பதும் உண்மை.

அந்த வாரம்தான் நாடகம் நம்பர் ஒன்னுக்கு வந்தது.

8

இப்போது உங்களில் ஒருவர் ஒன்றை நினைக்கிறீர்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள், நானே சொல்கிறேன்: 'அந்த மட்டமான நாடகத்தை உள்ளபடியே சொல்லியிருந்தால், அந்தப் பொண்ணு பொறுத்துக்கொண்டு முழுசாக இருந்திருப்பாள்.'

இதை நினைப்பவரோடு எனக்குப் பேச்சில்லை. ஆனாலும் பேசுகிறேன்.

விஜயகுமாரி சொன்னதில் பூங்கோதை வாயைத் திறந்தாள். அது பொய் இல்லை. அனுப்பிரியாவும் திறந்தாள், அந்த நாடகத்தில் வரும் எந்த ஒருத்தியையும்விட நன்றாகத் திறந்தாள். விஜயகுமாரி சொன்ன பொய் அந்த நாற்காலி. நாற்காலி போடாதது கதை சொன்னவள் தப்பா, கேட்டவள் தப்பா? அங்கே நாற்காலிகள் இருந்தன. யாருக்குப் போட்டார்கள் என்றுதான் சொன்னேனே.

இருந்தாலும் விஜயகுமாரி மேசையில் இப்போது கதை சொல்வதில்லை. யாரும் 'அப்பறமுங்க்கா' என்பதும் இல்லை. பீஸ் பாஸாகிற வேகம் கூடிவிட்டது. ராஜபாண்டிதான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "என்னம்மா, எழவு வீடு மாதிரி இருக்கு. ஏதாச்சும் பேசித் தொலைங்க" என்றார். பிரிசில்லா அடுத்த கட்டைப் பிரித்தாள்.

9

பெரியாஸ்பத்திரி. பார்வையாளர் நேரம், சாயங்காலம். விஜயகுமாரியும் பிரிசில்லாவும் போகிறார்கள். அனுப்பிரியாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வரும் வரும் என்கிறார் டாக்டர், கண்ணைப் பார்க்காமல். அவளுடைய அம்மா தலைமாட்டில் நின்று ஆரஞ்சு உரிக்கிறாள். "சறுக்கி உழுந்துட்டான்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லிருக்கறமுங்க" என்கிறாள், யாரும் கேட்காமலே. "நாளைக்குப் போலீசு வந்து எழுதறாங்களாம். இவளும் அதையே சொல்லிப்போட்டான்னா, மாப்பிள்ளையே வெச்சுப் பாத்துக்கறேங்கறாரு. எங்க ஊட்ல யாருங்க இருக்கறா பாக்கறதுக்கு?"

மாப்பிள்ளை வெளியே பெஞ்சில் இளநீரோடு உட்கார்ந்திருக்கிறான். அழுது கண் சிவந்திருக்கிறது. உண்மையாகவே அழுதிருக்கிறான்.

விஜயகுமாரியைப் பார்த்ததும் அனுப்பிரியாவுக்கு முகம் தெளிகிறது.

"அக்கா. நான் ஒரு வாரமா கேக்கவே இல்லியே. பூங்கோதை இப்ப எங்க இருக்கறா?"

முடிவுகள்:

அ. விஜயகுமாரி நாடகத்தை உள்ளபடி சொல்கிறாள். பூங்கோதை வீட்டிலேயே இருக்கிறாள், புருஷன் திருந்திவிட்டான். நாளைக்கு அனுப்பிரியா 'சறுக்கிட்டேன்' என்கிறாள். ரிமோட் வைத்திருக்கிறவனிடம், நகர முடியாத உடம்போடு திரும்பிப் போகிறாள்.

ஆ. விஜயகுமாரி தன் கதையைத் தொடர்கிறாள். அனுப்பிரியா நாளைக்கு உண்மையைச் சொல்கிறாள். எழுத வருகிறவர் எப்படிப்பட்டவரோ. அதற்குப் பிறகு அவளை எந்த வீட்டில் படுக்க வைப்பார்களோ. தையல் மெஷின், ஹாஸ்டல், சாவி எல்லாம்—

இ. விஜயகுமாரி அவள் கையைப் பிடித்து, "அப்பிடி ஒண்ணும் நடக்கலீடா கண்ணு, நானாச் சொன்னேன்" என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் துணைக்கு இருந்தது ஒரே ஒருத்தி, அவள் பெயர் பூங்கோதை. அவளும் போய்விடுகிறாள்.

இதை இரண்டு மூன்று பேரிடம் படித்துக் காட்டினேன். எல்லாரும் 'ஆ' என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறதாம். கைகள் நின்றுவிட்டன, நானே பார்த்தேன். அதனாலேயே அதை எழுதப் பயமாக இருக்கிறது.

10

உண்மையில் என்ன நடந்தது என்று பிரிசில்லா சொன்னாள். எழுத மாட்டேன். எழுதினால் அதுதான் முடிவு என்று எடுத்துக்கொண்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் எழுதாமல் விட முடியாது. அனுப்பிரியா கேட்ட அந்த நேரத்தில், கதவருகே காலடி கேட்டது. சிவபிரகாஷ் உள்ளே வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, தோள் துண்டால் துடைத்தும் விட்டான்.

"உக்காருங்க்கா. நின்னுட்டே இருக்கறீங்களே."

போட்டுவிட்டுப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான். கேட்பதற்கு.

விஜயகுமாரி உட்காரவில்லை. இந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதுகிறேன். நாற்காலி அப்படியே கிடந்தது. அம்மாவின் கையில் ஆரஞ்சு பாதி உரித்தபடி நின்றது.

மீதி உங்களுடையது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், நாளைக்குப் போலீஸ் வரும், அனுப்பிரியா உங்கள் முகத்தையேதான் பார்க்கிறாள்.

"அப்பறமுங்க்கா?"